வலியறிந்து வேகம் கூட்டல்

நொய்யலாற்றின் கரையில் அமைந்துள்ள திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகறிந்த நகரமாகும். 2009ஆம் ஆண்டு முதல் அஃது ஒரு மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குகிறது. அந்நகரத் தெருக்களில் நடந்து செல்வார் செவியில் ஓயாது விழுவது பொறிகளின் ஒலியே. நூல் துணியாவதும், துணி சாயம் ஏறுவதும், சாயம் ஏறிய துணி ஆடையாவதும் பொறிகளாலேயே நிகழ்கின்றன. அவை விரைந்து இயங்கினால் வருவாய் பெருகும். தளர்ந்து நின்றால் வருவாய் சுருங்கும். ஆதலின், வேகம் என்பதன் பொருளைத் திருப்பூர் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

வட்டப் பின்னற்பொறி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உருளையைச் சுற்றி நூலை ஊட்டும் 'பீடர்கள்' 90 உள்ளன என்று கொள்க. உருளை ஒரு முறை சுற்றினால் 90 வரிசைக் கண்ணிகள் பின்னப்படும். நிமிடத்துக்கு 30 சுற்றுச் சுற்றினால் 2,700 வரிசைகள் உண்டாகும். அச்சுற்றை 33 ஆக உயர்த்தினால் 2,970 வரிசைகள் கிடைக்கும். பொறியும் அதுவே, ஊசியும் அதுவே, வரவு மட்டும் பத்தில் ஒரு பங்கு மிகுதி. ஆயின், அளவு கடந்து ஓட்டினால் ஊசி முறியும், நூல் அறும், துணியில் துளை விழும். அத்துணி சாயப்பட்டறையையும் கடந்து, செக்கிங் மேசைக்கு வந்த பின்னரே குறை தெரியுமாயின், அதுவரை செய்த செலவெல்லாம் வீணாகும். எவ்வளவு கூட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவனே பொறியை ஆளத் தெரிந்தவன்.

இதே வினா, இந்நாளில் கணினியைப் பற்றியும் எழுகின்றது. திருப்பூர்த் தொழிலகங்களில் கணினி இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஆடையின் பகுதிகளைத் துணிமீது சேதம் குறைய அடுக்கிக் காட்டும் 'மார்க்கர்' வரைவதும், அச்சுக்கும் பூவேலைக்கும் வேண்டிய உருவங்களை அமைப்பதும், வரவு செலவு எழுதுவதும் கணினியால் நடைபெறுகின்றன. பெரிய தொழிலகத்தார் விலை உயர்ந்த கணினியை வாங்குவர். ஜாப் ஒர்க் செய்து வாழும் சிறு பட்டறைக்காரரும், வடிவமைப்புக் கற்க விரும்பும் ஏழை மாணவரும் என் செய்வர்? குறைந்த விலைக்கு ஒரு கணினியை வாங்கி, அதன் வேகத்தைத் தாமே கூட்டிக்கொள்ள இயலுமா என்று எண்ணுவர். அவ்வாறு கூட்டுவதனை 'ஓவர்கிளாக்கிங்' என்பர். நாம் அதனை 'மிகுவேகம் ஊட்டல்' என்று வழங்குவோம்.

கணினியின் உள்ளே கணக்கிடும் வேலையைச் செய்வது 'செயலி' என்னும் உறுப்பு. கடைக்காரர் அதனைப் 'பிராசசர்' என்பர். உள்ளங்கையில் அடங்கும் அதனுள், நகத்தளவே உள்ள சிலிக்கான் துண்டில் கோடிக்கணக்கான நுண்ணிய மின்வாயில்கள் பொதிந்துள்ளன. கைத்தறியில் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் ஊடை புகுவதுபோல, செயலியும் ஒரு துடிப்புக்கு இணங்கவே தொழில் செய்கின்றது. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பைச் செயலி ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கின்றது. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 36 எனின், செயலியின் வேகம் 3,600 மெகாஹெர்ட்ஸ் ஆகும். அஃதாவது, நொடிக்கு 360 கோடித் துடிப்பு. பின்னற்பொறியின் சுற்றை உயர்த்தியதுபோல, இவ்விரண்டில் ஒன்றை உயர்த்தினால் செயலியின் வேகமும் உயரும்.

செய்தவர் குறித்த வேகத்துக்கு மேலும் ஒரு செயலி எவ்வாறு ஓடும் என்று நீங்கள் வினவலாம். இதற்கும் பனியன் தொழிலிலேயே விடை உண்டு. ஒரே துணியில் வெட்டி, ஒரே வரிசையில் தைத்த ஆடைகளைச் செக்கிங் மேசையில் தரம் பிரிக்கின்றனர் அல்லவா? செயலிகளும் அவ்வாறே. ஒரே சிலிக்கான் வட்டில் பல செயலிகள் ஒருங்கே உருவாகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, மிகுந்த வேகத்தைத் தாங்குவனவற்றை உயர்ந்த விலைக்கும், ஏனையவற்றைக் குறைந்த விலைக்கும் விற்கின்றனர். ஆயினும், உயர்ந்த விலையில் வாங்குவோர் சிலரே. குறைந்த விலையில் வாங்குவோர் பலர். ஆதலின், முதல் தரமான செயலிகள் சிலவும் இரண்டாம் தரத்தின் பெயரைத் தாங்கிச் சந்தைக்கு வருவதுண்டு. அன்றியும், எந்நாட்டு வெயிலிலும் பல்லாண்டு பழுதின்றி உழைத்தல் வேண்டும் என்று கருதி, செய்வோர் சிறிது வேகத்தைக் கையிருப்பாக விட்டு வைப்பர். இவ்வாறு மறைந்து கிடக்கும் ஆற்றலையே மிகுவேகம் ஊட்டுவோர் தேடுகின்றனர்.

இத்தேடலில் புகழ்பெற்ற நிகழ்ச்சி 1998ஆம் ஆண்டில் நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் இன்டெல் நிறுவனம் 'செலரான் 300ஏ' என்னும் செயலியை 149 டாலர் விலையில் வெளியிட்டது. அதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் நான்கரை, வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். (66 என்பது 66⅔ என்பதன் சுருக்கமாகும்.) பெருக்கெண்ணை மாற்ற இயலாதவாறு அந்நிறுவனம் பூட்டியிருந்தது. ஆயினும், 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தரும் மதர்போர்டுகள் அப்பொழுது சந்தையில் இருந்தன. அவற்றில் இச்செயலியைப் பொருத்தி, துடிப்பை 66இலிருந்து 100க்கு மாற்றினர். நூற்றை நான்கரையால் பெருக்கினால் 450 அன்றோ? 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிற்று. அதே நாளில் வெளிவந்த 'பென்டியம் II 450' என்னும் செயலியின் விலையோ 669 டாலர். நான்கில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில், அதற்கு ஏறத்தாழ நிகரான ஆற்றல் பலருக்குக் கிட்டிற்று. எல்லாச் செயலிகளும் அவ்வேகத்தை எட்டவில்லை என்பதையும் இங்கு மறத்தலாகாது.

இந்நிகழ்ச்சியைக் கேட்டவுடன், மலிவான செயலி எதை வாங்கினும் இவ்வாறு ஓட்டலாம் என்று எண்ணுதல் பேதைமை. திருவள்ளுவர் பொருட்பாலில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஒரு செயலில் இறங்குமுன், அச்செயலின் ஆற்றலையும், தன் ஆற்றலையும், பகைவர் ஆற்றலையும், துணைவர் ஆற்றலையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. அரசர்க்குக் கூறிய அவ்வறிவுரை, செயலி வாங்கச் செல்வார்க்கும் பொருந்துவதாகும். அந்நான்கையும் முறையே காண்போம்.

முதலாவது, செயலின் ஆற்றல். நாம் செய்யக் கருதிய வேலை செயலியிடம் எதனைக் கேட்கின்றது என்று அறிதல் வேண்டும். 2014ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் பென்டியம் என்னும் பெயரின் இருபதாம் ஆண்டு நினைவாகப் 'பென்டியம் ஜி3258' என்ற செயலியை 72 டாலர் விலையில் வெளியிட்டது. அதன் பெருக்கெண் பூட்டப்படவில்லை. 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகமுடைய அதனைப் பலர் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேலும் ஓட்டினர். ஆயினும், அதற்கு இருந்தவை இரண்டே கருக்கள். கரு என்பது செயலியினுள் தனித்துத் தொழில் செய்யும் பகுதி, 'கோர்' என்பர். அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த 'ஃபார் க்ரை 4' என்னும் கணினி விளையாட்டு, இரண்டு கருக்கள் மட்டுமே உடைய இத்தகைய செயலியில் தொடங்கவே மறுத்தது. பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இருவரை அமர்த்தி, அவ்விருவரையும் விரைந்து ஓடச் செய்தால் வேலை முடியுமா? பல வேலைகளை ஒருங்கே செய்ய வேண்டுமாயின் கருக்களின் எண்ணிக்கையே முதன்மை. வேகம் அதற்கு அடுத்ததே.

இரண்டாவது, தன் ஆற்றல். அஃதாவது, செயலிக்கு இயல்பாக அமைந்த வலிமை. இதற்கும் 1998ஆம் ஆண்டே சான்று தருகின்றது. செலரான் 300ஏ வெளிவருவதற்குச் சில திங்களுக்கு முன், 266 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள வேறொரு செலரான் வந்தது. அதனையும் 400 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினர். ஆயினும், அடிக்கடி வேண்டும் செய்திகளை அருகிலேயே வைத்துக்கொள்ளும் 'கேஷ்' என்னும் உள்நினைவகத்தின் இரண்டாம் நிலை அதற்கு இல்லை. தைப்பவர் ஒவ்வொரு துண்டுக்கும் எழுந்து கிடங்குக்குச் சென்று வருவாராயின், தையற்பொறி எவ்வளவு விரைந்து ஓடினும் என்ன பயன்? செலரான் 300ஏ-க்கோ 128 கிலோபைட் உள்நினைவகம் செயலியோடு ஒட்டி, அதன் முழு வேகத்திலேயே இயங்கிற்று. அதன் வெற்றிக்கு இதுவும் ஒரு காரணம். மெகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் கண்டு மயங்குவோர்க்கு இஃது ஒரு பாடம்.

பூட்டு உண்டா இல்லையா என்பதும் செயலியின் இயல்பைச் சார்ந்ததே. 2011ஆம் ஆண்டில் தொடங்கி, இன்டெல் நிறுவனம் பெயரின் இறுதியில் 'கே' என்ற எழுத்துடைய செயலிகளுக்கே பெரும்பாலும் பெருக்கெண்ணைத் திறந்துவிட்டுள்ளது. ஏஎம்டி நிறுவனம் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ரைசன் வரிசையில் டெஸ்க்டாப் செயலிகள் அனைத்தையும் திறந்துவிட்டது. அவ்வரிசையில் 'ரைசன் 5 1600' 219 டாலர். '1600 எக்ஸ்' 249 டாலர். இரண்டுக்கும் கருக்கள் ஆறே. முன்னதோடு குளிர்விக்கும் விசிறியும் சேர்ந்து வந்தது. பின்னதற்கு அதனைத் தனியே வாங்க வேண்டியிருந்தது. முன்னதை வாங்கிச் சிறிது வேகம் கூட்டியவர் பின்னதன் பயனைப் பெற்றனர். பின்னர் வந்த வரிசைகளில் பூட்டிய செயலிகளும் சில உள. ஆகவே, வாங்குமுன் குறிப்பிட்ட செயலியைப் பற்றிச் செய்தவரே வெளியிட்ட விவரத்தைப் படித்தறிதல் வேண்டும்.

மூன்றாவது, துணைவர் ஆற்றல். செயலிக்குத் துணையாவன மதர்போர்டும், குளிர்விக்கும் 'கூலரும்', மின்சாரத்தைச் சீராக்கித் தரும் 'பவர் சப்ளை'யும் ஆம். இன்டெலின் 'கே' செயலியை வாங்கினும், பெருக்கெண்ணை உயர்த்த 'இசட்' என்னும் எழுத்தில் தொடங்கும் சிப்செட் உடைய போர்டு வேண்டும். ஏஎம்டியின் ரைசனுக்குப் 'பி' வரிசைப் போர்டே போதும். 'ஏ320' போன்ற மிகமலிவான போர்டு உதவாது. இத்துணைவருக்கு ஆகும் செலவையும் கூட்டிப் பார்த்த பின்னரே சிக்கனம் எது என்று துணிதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: வேகம் குறைந்த செயலி 12,000 ரூபாய், அடுத்த நிலைச் செயலி 15,000 ரூபாய் என்று கொள்வோம். வேறுபாடு 3,000 ரூபாய். முதற்செயலியை வாங்கி வேகம் கூட்டலாம் என்று எண்ணுகின்றான் ஒருவன். அதற்கேற்ற போர்டுக்கு 2,000 ரூபாயும், நல்ல கூலருக்கு 2,500 ரூபாயும் மிகுதியாக ஆகுமாயின், அவன் செலவிடுவது 4,500 ரூபாய். 3,000 ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி 1,500 ரூபாயை இழந்தான். அவன் சிக்கனக்காரன் அல்லன், கணக்கறியாதவன்.

நான்காவது, பகைவர் ஆற்றல். செயலியின் பெரும்பகை வெப்பம். செயலி உண்ணும் மின்சாரம், துடிப்பின் அளவுக்கு ஏற்பவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் மிகும். துடிப்பைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்த, மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு உயர்த்த நேரிட்டது என்று கொள்க. 1.1ஐ மும்முறை பெருக்கினால் 1.331 வரும். அஃதாவது, கிடைத்த வேகம் நூற்றுக்குப் பத்து. மிகுந்த வெப்பமோ நூற்றுக்கு முப்பத்து மூன்று. 90 வாட் உண்ட செயலி 120 வாட் உண்ணும். அதிகப்படியான மின்னழுத்தம் செயலியின் வாழ்நாளையும் குறைக்கும்.

இவ்வெப்பத்தைக் கூலர் அறைக் காற்றில்தான் கலக்கின்றது. அறைக் காற்றினும் குளிர்ச்சியாகச் செயலியை வைத்திருக்க விசிறிக் கூலரால் இயலாது. குளிரூட்டிய அறையில் 25 பாகை வெப்பநிலையில் சோதித்தவர் கூறும் அளவைப் படித்து, கோடையில் 38 பாகை ஏறும் கூரையின் கீழ் அவ்வாறே செய்தால், செயலியின் வெப்பமும் ஏறத்தாழ 13 பாகை மிகும். திருப்பூருக்கே உரிய பகை வேறொன்றும் உண்டு. அது பஞ்சுத் தூசு. பின்னற்கூடத்தின் காற்றில் மிதக்கும் அத்தூசை விசிறி உள்ளே இழுத்து, கூலரின் இதழ்களுக்கிடையே மெத்தைபோல் படியச் செய்யும். காற்றுப் புகும் வழி அடைபட்டபின் எவ்வளவு சிறந்த கூலரும் பயன்படாது. ஆதலின், அங்கே கணினியைக் குறித்த காலத்தில் திறந்து, மின்சாரத்தை நிறுத்திய பின் தூசு அகற்றுவோரே வேகத்தைப் பற்றி எண்ணலாம்.

வெப்பத்தினும் கொடிய பகை, ஓசையின்றி நிகழும் பிழை. செயலி அடியோடு நின்றுவிட்டால் குறை உண்டென்று உடனே அறிகின்றோம். நிற்காமல், நூறு கோடிக் கணக்கில் ஒன்றைத் தவறாகச் செய்துவிட்டுத் தொடர்ந்து ஓடினால் எவர் அறிவார்? மார்க்கர் வரைவில் கைப்பகுதி ஒன்றின் அளவு பிழைபட்டதென்று கொள்க. வெட்டும் மேசையில் துணி நூறு அடுக்காக விரித்துக் கிடக்கும். கத்தி ஒரு முறை ஓடினால் நூறு கைகளும் பிழையாகும். மீண்டும் துணி நெய்து, சாயம் ஏற்றி, தைத்து முடிக்குமுன் கப்பல் சென்றுவிடும். பிறகு, குறித்த நாளில் சரக்கைச் சேர்க்க விமானத்தில் அனுப்ப வேண்டும். அச்செலவு சிறு பட்டறைக்காரரின் ஊதியம் முழுவதையும் விழுங்கிவிடும். கணினியில் மிச்சப்படுத்திய சில ஆயிரம் ரூபாய் அவர் குடும்பத்தைக் காக்குமா?

ஆகவே, வேகம் கூட்டியவர் அதனைச் சோதித்தே பயன்படுத்துதல் கடன். சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும்; ஒவ்வொரு முறையும் வெப்பத்தை அளக்க வேண்டும்; கடும் கணக்குகளைப் பல மணி நேரம் இடைவிடாது செய்ய விட வேண்டும். 1996ஆம் ஆண்டில் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்காக எழுதப்பட்ட 'பிரைம்95' என்னும் நிரல், தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்வதால், இச்சோதனைக்குப் பெரிதும் பயன்பட்டு வருகின்றது. ஒரே ஒரு பிழை தோன்றினும் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பிழை காட்டிய வேகத்திலேயே 'இன்னும் சிறிது ஓடட்டும்' என்று விடுதல் தகாது. இவ்வாறு ஓட்டியதால் நேரும் சேதத்துக்குச் செய்தவரின் உத்தரவாதம் பொருந்தாது என்பதும் நினைவிருத்தற்குரியது.

இந்நாளில் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. வேலைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப வேகத்தைத் தானே ஏற்றியும் இறக்கியும் கொள்ளும் திறன் இன்றைய செயலிகளுக்கு உண்டு. முன்னர் வாங்குவோர்க்காக மறைந்து கிடந்த கையிருப்பில் பெரும்பகுதியைச் செய்வோரே எடுத்துப் பயன்படுத்துகின்றனர். 300ஐ 450 ஆக்கியதுபோல் ஒன்றரை மடங்கு வேகம் இன்று கிட்டுவது அரிது. அளவு மீறினால் செய்வோர்க்கும் இடர் உண்டு. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் சில, தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதால் நிலைகுலைந்தன. 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அதற்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஆதலின், இக்காலத்தில் அறிந்தோர் பலர் வேகத்தைக் கூட்டுவதற்கு மாறாக, அதே வேகத்துக்கு வேண்டிய மின்னழுத்தத்தைச் சிறிது குறைக்க முயல்கின்றனர். வெப்பம் குறைகின்றது, குறைந்த வெப்பத்தில் செயலி தானே சிறிது விரைகின்றது. இதனையும் சோதித்தே செய்தல் வேண்டும்.

மாணவர்களே! குறைந்த பொருளைக்கொண்டு நிறைந்த பயன் பெற விரும்புதல் குற்றமன்று, அஃது அறிவுடைமையே. பின்னல் கற்கும் செயலியாயினும், விளையாட்டுக்கு உரிய செயலியாயினும், மிகுவேகம் ஊட்டிப் பார்ப்பதால் ஒரு பொருளின் உள்ளியல்பை அறியும் வாய்ப்புக் கிட்டுகின்றது. ஆனால், கற்பதற்கு வைத்துள்ள கணினியில் செய்யும் சோதனையை, பிறர் பிழைப்பு நம்பியிருக்கும் கணினியில் செய்தலாகாது. முதலில் வேலையை அறிக. அதற்கேற்ற கருவும் உள்நினைவகமும் உடைய செயலியைத் தேர்க. துணைப்பொருள்களின் விலையையும் கூட்டுக. வெப்பத்தையும் தூசையும் எண்ணுக. பின்னரே வேகத்தைத் தொடுக. மறைந்துள்ள ஆற்றலைக் காண்பது திறமை. அதன் எல்லையில் நின்றுகொள்வது பொறுப்பு. திறமையும் பொறுப்பும் ஒருங்கே உடையவரிடம் எளிய பொறியும் பெரும்பயன் தரும்.

வினாக்கள்

1. பின்னற்பொறியின் வேகக் கணக்கும் செயலியின் வேகக் கணக்கும் எவ்வாறு ஒத்துள்ளன?
2. குறைந்த விலைச் செயலியில் மறைந்த ஆற்றல் இருப்பதற்குரிய காரணங்கள் யாவை?
3. செலரான் 300ஏ வெற்றி பெற்றதற்கும், அதற்கு முந்திய செலரான் குறைபட்டதற்கும் காரணம் கூறுக.
4. துடிப்பும் மின்னழுத்தமும் நூற்றுக்கு ஐந்து உயர்ந்தால் வெப்பம் எவ்வளவு உயரும் என்று கணக்கிடுக.
5. செயலி நின்றுவிடுவதினும் ஓசையின்றிப் பிழை செய்வது கொடியது என்பதை விளக்கி ஒரு பத்தி வரைக.